நூலும் நெல்லும் மின்னேற்றமும்

நம் இதழைப் படிக்கும் அங்கத்தினர்களுள் ஒரு சாரார் நூலை நம்பி வாழ்பவர். மற்றொரு சாரார் நிலத்தை நம்பி வாழ்பவர். குறிஞ்சிப்பாடிப் பகுதியில் கைலி நெய்பவருக்கும், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கங்களில் சம்பா பயிரிடுபவருக்கும் தொழில் வேறு, கவலையும் வேறு என்றே பொதுவாக எண்ணுகிறோம். ஆயினும் இவ்விரு சாராருடைய கவலைகளுள் ஒன்றிற்கு மூலம் ஒன்றே என்பதைக் காட்டுதல் இப்பாடத்தின் நோக்கமாகும்.

வறண்ட காற்று வீசும் நாளில் பாவிழைகள் ஒன்றையொன்று விலக்கிச் சிலிர்த்து நிற்கின்றன. இழையிலிருந்து பிசிறு எழுகின்றது. செயற்கை இழை கலந்த பாவாயின் அச்சிலும் விழுதிலும் ஒட்டிக்கொண்டு அறுகின்றது. அறுந்த இழையைப் பிணைப்பதில் நெசவாளியின் பொழுதும், பொழுதுடன் கூலியும் போகின்றன. இது நெசவாளியின் கவலை. ஒரே குவியலிலிருந்து எடுத்த நெல்லுக்கு ஈரப்பதமானி ஒரு வேளை ஓர் எண்ணையும், மற்றொரு வேளை வேறோர் எண்ணையும் காட்டுகின்றது. அவ்வெண் சற்றுக் கூடினால் நெல் களத்திற்கே திரும்புகின்றது. இது பயிரிடுபவரின் கவலை. முன்னதில் மின்னேற்றம் வேண்டாத இடத்தில் தங்குகின்றது. பின்னதில் மின்புலமே அளவுகோலாக நிற்கின்றது. இரண்டிலும் இடைநின்று ஆட்சி செய்வது நீர். இதனை முறையாக அறிந்துகொள்ளச் சற்றே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

சாயக்காரர் கண்ட உண்மை

தேய்த்த பொருள் துரும்பை இழுக்கும் என்பது மிகப் பழைய செய்தி. அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினைத் தேய்த்துக் கிரேக்கர் இதனைக் கண்டனர். ஆனால் தேய்த்தலால் உண்டான அவ்வாற்றல் சில பொருள்களின் வழியே ஓடும், சிலவற்றின் வழியே ஓடாது என்னும் உண்மை 1729ஆம் ஆண்டுவரை தெளிவாகவில்லை. அதனைத் தெளிவாக்கியவர் ஸ்டீபன் கிரே என்னும் ஆங்கிலேயர். அவர் காண்டர்பரி நகரில் சாயத்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, தாமும் அத்தொழிலைச் செய்தவர். நூலையும் பட்டையும் கையாண்டு பழகிய ஒருவர் இவ்வுண்மையை நூலைக் கொண்டே கண்டறிந்தார் என்பது நம் நெசவாளர் மகிழத்தக்க செய்தியாகும்.

கிரே ஒரு கண்ணாடிக் குழாயைத் தேய்த்து, அதில் எழுந்த மின்னேற்றத்தை நீண்ட சணற்கயிற்றின் வழியே தொலைவுக்கு அனுப்ப முயன்றார். கயிறு தொய்ந்து விழாதிருக்க இடையிடையே அதனைத் தாங்கவேண்டும். மெல்லிய பட்டு நூலால் தாங்கியபோது மின்னேற்றம் கயிற்றின் மறுமுனை வரை சென்று, அங்கே தொங்கிய தந்தப் பந்து துரும்புகளை இழுத்தது. பட்டு நூல் பளு தாங்காமல் அறுந்துபோகவே, மெல்லிய பித்தளைக் கம்பியால் தாங்கினார். மறுமுனையில் ஒன்றும் நிகழவில்லை. தாங்கியின் மென்மையால் பயன் விளையவில்லை, அது பட்டாயிருந்ததனால்தான் விளைந்தது என்று கிரே உணர்ந்தார். பித்தளை மின்னேற்றத்தைக் கட்டிடத்திற்குக் கடத்திவிட்டது, பட்டு கடத்தவில்லை. அவரும் அவருடைய நண்பர் வீலரும் அவ்வாண்டிலேயே 700 அடிக்கும் மேற்பட்ட தொலைவுக்கு மின்னேற்றத்தை அனுப்பிக் காட்டினர்.

உலோகம், ஈர மண், நம் உடல் ஆகியவை எளிதிற்கடத்திகள். பட்டு, கண்ணாடி, அரக்கு, மெழுகு, பீங்கான், உலர்ந்த காகிதம், பிளாஸ்டிக் ஆகியவை அரிதிற்கடத்திகள். உலர்ந்த பருத்தியும் உலர்ந்த நெல்லும் இப்பின்னைய இனத்தையே சாரும். அரிதிற்கடத்தி மின்னோட்டத்தைத் தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் மின்சாரத்துடன் அதற்கு உறவே இல்லை எனக் கொள்ளலாகாது. அவ்வுறவு எத்தகையது என்பதை இனிக் காண்போம்.

இருவகை மின்னேற்றம்

எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் நேர் மின்னேற்றமும், அதனைச் சூழ்ந்து எதிர் மின்னேற்றம் உடைய எலெக்ட்ரான்களும் உள்ளன. இரண்டும் சம அளவில் இருப்பதால் பொருள் மின்னேற்றமற்றதாகத் தோன்றுகின்றது. இரு வேறு பொருள்கள் தொட்டும் உராய்ந்தும் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறிதளவு எலெக்ட்ரான்கள் பெயர்கின்றன. பெற்றது எதிர் மின்னேற்றமும், இழந்தது நேர் மின்னேற்றமும் அடைகின்றன. ஒத்தவை ஒன்றையொன்று விலக்கும். மாறுபட்டவை ஒன்றையொன்று இழுக்கும். மின்னேற்றம் இருவகைப்படும் என்பதை 1733ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு டூபே என்பவர் எடுத்துக்காட்டினார்.

எளிதிற்கடத்தியைத் தேய்த்தாலும் இது நிகழும். ஆனால் பெயர்ந்த மின்னேற்றம் உடனே ஓடி நிலத்தில் இறங்கிவிடும். அரிதிற்கடத்தியில் அது உண்டான இடத்திலேயே, மேற்பரப்பில் தங்கிவிடும். தறியில் நாடா ஓடும்போதும், இழை விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் உராயும்போதும் இங்ஙனமே மேற்பரப்பு மின்னேற்றம் பிறக்கின்றது. அடுத்தடுத்த இழைகள் ஒரே வகை மின்னேற்றம் பெறுவதால் ஒன்றையொன்று விலக்கிச் சிலிர்க்கின்றன.

மின்புலமும் பொருளின் நெகிழ்ச்சியும்

மின்னேற்றம் பெற்ற பொருளைச் சுற்றி, பிற மின்னேற்றங்களை இழுக்கவோ தள்ளவோ வல்ல ஓர் ஆட்சி எல்லை உண்டு. அதனையே மின்புலம் என்கிறோம். இம்மின்புலத்தில் அரிதிற்கடத்தி ஒன்றை வைத்தால் அதனுள் எலெக்ட்ரான்கள் ஓடுவதில்லை. ஆயினும் தத்தம் இடத்திலேயே மிகச் சிறிது நகர்ந்து கொடுக்கின்றன.

இதனை விளங்கிக்கொள்ள ஒரே அளவான இரு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரத்தோடு ஓரம் பொருந்த விரித்ததாக எண்ணுவோம். ஒன்று பொருளின் நேர் மின்னேற்றம் அனைத்தையும், மற்றொன்று எதிர் மின்னேற்றம் அனைத்தையும் குறிக்கட்டும். மேல் துண்டை ஒரு மயிரிழை அளவு வலப்பக்கம் இழுத்தால் நடுவில் ஒரு மாறுதலும் தெரியாது. அங்கே ஒன்றையொன்று மூடியே கிடக்கும். இரு ஓரங்களில் மட்டும், வலப்பக்கம் மேல் துண்டின் கரையும் இடப்பக்கம் கீழ்த் துண்டின் கரையும் வெளியே தெரியும். இதுபோன்றே மின்புலத்தில் வைத்த அரிதிற்கடத்தியின் ஒரு முகத்தில் நேர் மின்னேற்றமும், எதிர் முகத்தில் எதிர் மின்னேற்றமும் தோன்றுகின்றன. இதற்கு முனைவாக்கம் என்று பெயர். இவ்வோர மின்னேற்றம் வெளியிலிருந்து வந்ததன்று. பொருளைவிட்டு நீங்குவதும் அன்று. புலம் நீங்கினால் துண்டு பழைய இடத்திற்குத் திரும்புவதுபோல அதுவும் மறையும். தேய்த்தலால் வந்த மின்னேற்றம் வேறு, முனைவாக்கத்தால் தோன்றும் இவ்வோர மின்னேற்றம் வேறு என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு மின்னேற்றமற்ற காகிதத் துண்டை இழுப்பது எவ்வாறு என்பதும் இதனால் விளங்கும். சீப்பின் புலத்தில் காகிதம் முனைவாக்கம் பெறுகின்றது. சீப்புக்கு மாறான மின்னேற்றம் அருகிலுள்ள முகத்திலும், ஒத்த மின்னேற்றம் அப்பாலுள்ள முகத்திலும் அமைகின்றன. அருகிலுள்ளதற்கு இழுப்பு மிகுதியாதலின் காகிதம் சீப்பை நோக்கித் தாவுகின்றது. நெய்த வெள்ளைத் துணியை இரவு முழுதும் தறியில் திறந்து வைத்தால் காலையில் தூசு படிந்து கறுத்திருப்பதற்குத் துணியின் மின்னேற்றமும் ஒரு காரணமாதல் கூடும்.

ஓரங்களில் தோன்றிய மின்னேற்றம் வெளிப்புலத்திற்கு எதிராக நிற்பதால் பொருளினுள் புலம் குறைகின்றது. எத்தனை மடங்கு குறைகின்றது என்பதைக் காட்டும் எண்ணை மின்காப்பு மாறிலி என்பர். இதனை அளந்து காட்டியவர் இளமையில் புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் பாரடே. அவர் 1837ஆம் ஆண்டில் ஒன்றினுள் ஒன்று அமைந்த உலோக உருண்டைகளுக்கு இடையே அரக்கு, கந்தகம், கண்ணாடி முதலியவற்றை வைத்துச் சோதித்தார். இடையில் உள்ள பொருள் மாறினால் கருவி கொள்ளும் மின்னேற்றமும் மாறுகின்றது எனக் கண்டார். காற்றின் மாறிலி ஏறத்தாழ 1. உலர்ந்த காகிதத்திற்கு 2 முதல் 4 வரை. கண்ணாடிக்கு 5 முதல் 10 வரை. நீருக்கோ ஏறத்தாழ 80. நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் இயல்பாகவே ஒரு புறம் நேராகவும் மறுபுறம் எதிராகவும் அமைந்து, புலம் வந்தவுடன் அதன் திசைக்கு முகம் திருப்புவதே இவ்வளவு பெரிய எண்ணுக்குக் காரணம். இந்த 80 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்க. களத்துப் பகுதியில் இது பயன்படும்.

மேற்பரப்பு எவ்வளவு தாங்கும்?

மேற்பரப்பில் மின்னேற்றம் வரம்பின்றி ஏறுமோ எனின், ஏறாது. அருகிலுள்ள காற்று ஒரு செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் என்னும் புலத்திற்கு மேல் தாங்காது. அவ்வெல்லை வந்தவுடன் காற்று கிழிந்து பொறி பறக்கும். குளிர்நாட்டில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது கேட்கும் படபடப்பு அதுவே. அணுக் கணக்கில் பார்த்தால், மேற்பரப்பில் உள்ள அணுக்களில் ஏறத்தாழ 60,000த்தில் ஒன்று ஓர் எலெக்ட்ரானைப் பெற்றாலோ இழந்தாலோ இவ்வெல்லை வந்துவிடும். இத்துணைச் சிறிய கொடுக்கல் வாங்கலே பாவைச் சிலிர்க்கச் செய்யவும், தூசை இழுக்கவும் போதுமானது.

மின்னேற்றம் பிறப்பதை முற்றிலும் தடுக்க இயலாது. உராய்தல் இன்றி நெசவு இல்லை. பிறந்த மின்னேற்றம் விரைந்து கசிந்து போவதற்கு வழி செய்வதே நாம் கொள்ளத்தக்க முறை. அவ்வழியை அமைப்பது நீர்.

தறியில்

நிறுவப்பட்ட அளவின்படி, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 இருக்கும்போது பருத்தி தன் உலர் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு நீரை ஏற்கின்றது. பட்டு ஏறத்தாழ 10 அல்லது 11. நைலான் ஏறத்தாழ 4. பாலியெஸ்டரோ அரைப் பங்கும் ஏற்பதில்லை. பருத்தியின் உள்ளே இயல்பாக உள்ள உப்புகள் இந்நீரில் கரைந்து மின்னேற்றத்தைச் சுமந்து செல்கின்றன. காற்றின் ஈரப்பதம் 30இலிருந்து 80க்கு உயருமாயின் பருத்தி நூலின் மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் குறைந்துவிடுகின்றது. பட்டு பருத்தியைவிட மிகுதியாக நீரை ஏற்றாலும், அதன் மின்தடை பருத்தியினதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆதலின் பட்டு எளிதில் மின்னேற்றம் பெறுகின்றது. நன்கு வெளுத்து அலசிய பருத்தி நூலும் உப்பை இழப்பதால், அலசாத நூலைவிட மின்னேற்றத்தைச் சற்று நேரம் கூடுதலாகப் பிடித்திருக்கும்.

நம் முன்னோர் குழித்தறியில் நெய்ததும், விடியற்காலையில் தெருவில் பாவை விரித்துக் கஞ்சியிட்டதும் இவ்வுண்மைக்கு ஒத்தவை. குழித்தறியில் பாவு தரையை ஒட்டி ஓடுகின்றது. மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் அதற்குக் கிடைக்கின்றன. மின்னேற்றம் என்ற சொல்லை அறியாமலே கையனுபவத்தால் கண்ட முறை இது. கட்டிடம் மாறி, சிமெண்டுத் தரையில் உயர்ந்த தறிகள் அமைந்த இக்காலத்தில் அவ்வீரத்தை நாமே தேடி அமைக்க வேண்டியுள்ளது. அதற்கான வழிகள் சில:

1. தறிக்கூடத்தில் இரு வெப்பமானிகளை அருகருகே மாட்டுக. ஒன்றன் குமிழில் நனைந்த துணியைச் சுற்றி, துணியின் நுனி நீர்க் கிண்ணத்தில் படியும்படி வைக்க. உலர்ந்தது 32 டிகிரி செல்சியஸும் நனைந்தது 28உம் காட்டினால் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஏறத்தாழ 74. நனைந்தது 24க்கு இறங்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 51தான். பருத்தி நெசவுக்கு 75 முதல் 85 வரை உகந்தது.

2. ஆனி, ஆடி மாதங்களில் வறண்ட மேல்காற்று வீசும்போது மேற்குப் பக்கச் சன்னல்களை அடைத்து, நனைந்த சாக்குகளைத் தொங்கவிடுக. தரையில் நீர் தெளிக்க. பிற்பகலில் கடற்காற்று எழுந்தபின் கிழக்குப் பக்கத்தைத் திறந்துவிடலாம்.

3. கஞ்சியிட்ட பாவைக் கொளுத்தும் வெயிலில் முறுக உலர்த்தலாகாது. கஞ்சியில் சேர்க்கும் எண்ணெய் உராய்வைக் குறைத்து மின்னேற்றம் பிறப்பதையே குறைக்கின்றது. சிறிதளவு கிளிசரின் சேர்த்தால் அது காற்றின் ஈரத்தை ஈர்த்து இழையில் நிறுத்துகின்றது.

4. பாலியெஸ்டர் கலந்த பாவுக்குக் காற்றின் ஈரம் மட்டும் போதாது. நீர் அதனுள் புகாது. அதற்கென்று உள்ள மின்னேற்றத் தடுப்பு எண்ணெயை மேற்பூச்சாக இடுதல் வேண்டும். விசைத்தறியின் இரும்புச் சட்டத்தை நிலத்துடன் இணைத்தல் மின் பாதுகாப்புக்கு மிக அவசியமாயினும், அதனால் இழையின்மேல் உள்ள மின்னேற்றம் இறங்கிவிடாது. அரிதிற்கடத்தியின் மேற்பரப்பில் ஓரிடத்து மின்னேற்றம் மற்றோரிடத்திற்கு நடந்து செல்வதில்லை என்பதே காரணம்.

5. ஐப்பசி, கார்த்திகை மழையில் இவை ஒன்றும் வேண்டா. அப்போது ஈரம் மிகுந்து பூஞ்சணம் பற்றாமல் காப்பதே முதல் வேலை.

களத்தில்

இனி நெல்லுக்கு வருவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17க்கு மேற்படலாகாது என்பது பொது விதி. பெருமழைக் காலங்களில் இவ்வரம்பு தளர்த்தப்படுவதும் உண்டு. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டிற்கு இது 19 வரை தளர்த்தப்பட்டது. 17க்கும் 18க்கும் இடையே நிற்பது ஒரு குடும்பத்தின் ஒரு பருவ உழைப்பு. ஆதலின் அவ்வெண்ணைக் காட்டும் கருவி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை நெல் விளைவிப்பவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

இன்று பரவலாக வழங்கும் ஈரப்பதமானிகளுள் ஒரு வகை, மின்தேக்கி வகையைச் சேர்ந்தது. அதன் கிண்ணத்தில் இரு உலோகப் பரப்புகள் உள்ளன. நெல் அவற்றிடையே விழுகின்றது. கருவி அப்பரப்புகளுக்கு இடையே விரைந்து மாறும் மின்புலத்தை எழுப்பி, அவை எவ்வளவு மின்னேற்றம் கொள்கின்றன என அளக்கின்றது. பாரடே அரக்கை வைத்த இடத்தில் நாம் நெல்லை வைக்கிறோம், வேறுபாடு அவ்வளவே. உலர்ந்த நெல்லின் மின்காப்பு மாறிலி மிகச் சிறியது, நீரினதோ 80. ஆதலின் மணிக்குள் சிறிது நீர் கூடினாலும் கருவி கொள்ளும் மின்னேற்றம் கூடுகின்றது. அதனை ஈரப்பத எண்ணாக மாற்றிக் கருவி காட்டுகின்றது.

கருவி நீரை எடைபோடுவதில்லை, மின்புலத்தின் மாறுதலைக் கொண்டு நீரை ஊகிக்கின்றது என்பதே இங்கு நாம் அறியவேண்டிய செய்தி. ஊகம் சரியாக அமையச் சில நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, வெப்பம். சூடான நெல்லுக்குக் கருவி பெரும்பாலும் கூடுதலான எண்ணைக் காட்டும். வெப்பத் திருத்தம் தானே செய்துகொள்ளும் கருவிகளும் நெல்லின் சூட்டை உணரச் சற்று நேரம் வேண்டுகின்றன. வெயிற்களத்திலிருந்து அள்ளியவுடன் அளக்காமல், மாதிரியை நிழலில் ஆறவைத்து அளத்தல் வேண்டும்.

இரண்டாவது, நெருக்கம். கிண்ணத்தில் நெல்லை அமுக்கி நிரப்பினால் அதே இடத்தில் மிகுதியான பொருள் அடங்கி எண் உயரும். கருவிக்குரிய எடையை நிறுத்து, ஒரே சீராக ஊற்றி அளக்க வேண்டும். பதரும் தூசும் கலந்திருந்தாலும் அளவு பிறழும். தூற்றிய நெல்லையே அளக்க.

மூன்றாவது, நீர் நிற்கும் இடம். தூறலில் நனைந்த நெல்லின் மேற்புறத்தில் நீர்ப்படலம் இருக்கும். அது மணிக்குள் கட்டுண்ட நீரைவிட மின்புலத்திற்கு எளிதில் இசைந்து கொடுப்பதால் எண் மிகுந்து தோன்றும். இதற்கு மாறாக, கடும் வெயிலில் விரைந்து உலர்த்திய நெல்லின் மேற்புறம் காய்ந்தும் உள்ளே ஈரம் நின்றும் இருக்கும். அப்போது எண் குறைந்து தோன்றி, இரவு கழிந்தபின் உள்ளீரம் வெளியே பரவ மீண்டும் உயரும். மாலையில் 17 காட்டிய நெல் மறுநாள் காலையில் 18 காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். எப்போதும் யாரோ ஒருவர் செய்த சூழ்ச்சி எனக் கொள்ள வேண்டுவதில்லை. உலர்த்திய நெல்லைக் குவித்து ஓரிரவு மூடிவைத்து, மறுநாள் கிளறி ஆற்றியபின் அளந்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும்.

நான்காவது, மாதிரி. குவியலின் மேற்புறத்தில் மட்டும் ஒரு பிடி எடுத்தல் போதாது. மேல், நடு, அடி என ஐந்தாறு இடங்களில் எடுத்துக் கலந்து, மூன்று முறை அளந்து, சராசரியைக் கொள்வதே முறை. கருவியில் நெல் என்னும் பகுப்பைத் தேர்ந்தெடுத்தார்களா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசிக்கும் நெல்லுக்கும் மாற்று அட்டவணை வேறு.

ஐயம் எழுந்தால் தீர்ப்பளிக்க வல்லது வெப்ப அடுப்பு முறையே. ஆய்வகத்தில் நெல்லை நிறுத்து, அரைத்து, 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி மீண்டும் நிறுத்தால், குறைந்த எடையே நீரின் எடையாகும். மின்புல முறையில் அளக்கும் கருவிகள் யாவும் இம்முறையுடன் ஒப்பிட்டே திருத்தப்படுகின்றன.

எடைக் கணக்கையும் இங்கே சொல்லிவிடுதல் தக்கது. நூறு கிலோ நெல் 22 ஈரப்பதத்திலிருந்து 17க்கு உலர்ந்தால் 5 கிலோ குறையும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் 6 கிலோ குறையும். முதலில் உலர் பொருள் 78 கிலோ. அதுவே இறுதியில் நூற்றுக்கு 83 பங்காக நிற்க வேண்டும். 78ஐ 83ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 94 கிலோ. அளவுக்கு மீறி உலர்த்துவதிலும் இழப்பு உண்டு. 17இல் விற்கத்தக்க 40 கிலோ மூட்டையை 12 வரை உலர்த்தினால் அது 37.7 கிலோவாகிவிடும்; குறைந்த 2.3 கிலோவுக்கு விலை கிடையாது. உடனே விற்கும் நெல்லை வரம்புக்குச் சற்றே கீழ் நிறுத்துக. விதைக்கெனச் சேமிக்கும் நெல்லை மட்டும் 13 அல்லது அதற்கும் கீழ் உலர்த்துக.

புகைபோக்கியிலும் மின்கம்பத்திலும்

நம் மாவட்டத்திலேயே இப்பாடத்திற்கு வேறு இரு சான்றுகள் உண்டு. நெய்வேலியில் 1962ஆம் ஆண்டு மின் உற்பத்தி தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. அதன்பின் எழுந்த நிலையங்களில் பழுப்பு நிலக்கரி இன்றும் எரிகின்றது. இத்தகைய நிலையங்களில் புகையிலுள்ள சாம்பல் வயல்களின்மேல் படியாதிருக்க நிலைமின் வடிகட்டிகள் உள்ளன. பல்லாயிரம் வோல்ட் அழுத்தமுள்ள கம்பிகள் சாம்பல் துகளுக்கு மின்னேற்றம் அளிக்கின்றன. மின்புலம் அத்துகளை உலோகத் தகட்டின்மேல் சேர்க்கின்றது. தகட்டைத் தட்டிச் சாம்பலை உதிர்க்கின்றனர். சாம்பலும் அரிதிற்கடத்தியே. அதன் மேற்பரப்பு மிக வறண்டு, மின்னேற்றம் கசியாது போனால், தகட்டின்மேல் படிந்த சாம்பல் அடுக்கில் மின்னேற்றம் பெருகி, பொறி எழுந்து, வடிகட்டும் வேலை கெடும். புகையில் உள்ள நீராவி துகளின்மேல் படிந்து கசிவுக்கு வழி செய்கின்றது. பாவிழைக்கு வேண்டிய அதே உதவிதான் இது.

மின்கம்பத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே கசிவு ஆகாது. பீங்கான் மின்காப்பி எவ்வளவு தடித்திருந்தாலும், கடலோர ஊர்களில் அதன் மேற்பரப்பில் உப்புப் படிந்து, விடியற்பனியில் நனைந்தால் மின்சாரம் உட்புகாமல் மேற்பரப்பு வழியே கசியும். சீறும் ஒலியும் சிறு ஒளியும் எழும். அதன் உடலைப் பாவாடை மடிப்புப்போல் அடுக்கடுக்காக வார்ப்பது கசிவு செல்லும் வழியை நீளமாக்கி, மடிப்பின் அடிப்புறத்தில் உலர்ந்த இடம் எஞ்சுமாறு செய்வதற்கே. வயலில் உள்ள மோட்டார்ப் பெட்டிக்கும் இது பொருந்தும். பிளாஸ்டிக் உறையும் மரப்பலகையும் உலர்ந்திருக்கும்வரைதான் காவல். நனைந்தபின் அவற்றின் மேற்பரப்பே மின்வழியாகும். மழையில் நனைந்த சுவிட்சுப் பெட்டியை ஈரக்கையால் தொடுதல் உயிருக்கு ஆபத்து என்பதை வீட்டுச் சிறுவர் முதல் அனைவருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

செய்து பார்க்க

அங்கத்தினர்கள் பிள்ளைகளுடன் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. உலர்ந்த கண்ணாடிச் சீசாவின் வாயை மெழுகால் அடைத்து, நடுவில் ஒரு கம்பியைச் செருகுக. கம்பியின் கீழ் முனையில் மெல்லிய அலுமினியத் தாள் கீற்றுகள் இரண்டை ஒட்டித் தொங்குமாறு மாட்டுக. பிளாஸ்டிக் அளவுகோலை உலர்ந்த தலைமயிரில் தேய்த்துக் கம்பியின் மேல் முனையில் உரசினால் கீற்றுகள் விரிந்து நிற்கும். இனி நைலான் நூலின் ஒரு முனையைக் கம்பியில் கட்டி, மறுமுனையைக் கையால் பற்றுக. கீற்றுகள் விரிந்தே நிற்கும். உலர்ந்த பருத்தி நூலைக் கட்டினால் மெல்ல மெல்லச் சாயும். அதே பருத்தி நூலை நனைத்துக் கட்டினால் நொடியில் சாய்ந்துவிடும். 1729இல் கிரே கண்டதையும், தறிக்கூடத்தில் நீர் தெளிப்பதன் பயனையும் இச்சோதனை ஒருங்கே காட்டும். கைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு வகை நூலையும் இவ்வாறு சோதித்துக் கீற்று சாயும் நேரத்தைக் குறித்து வைத்தால், எந்த நூல் தறியில் தொல்லை தரும் என்பது முன்னரே தெரியும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை இரண்டு. நெசவாளர் சங்கம் ஒவ்வொன்றும் தறிக்கூடத்திற்கு ஓர் இணை வெப்பமானி மாட்டி, நாள்தோறும் காலை, நண்பகல், மாலை எண்களையும் அன்று அறுந்த இழைகளின் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதி வரலாம். ஓராண்டு ஏடு நிறைந்தால், எந்த ஈரத்தில் எத்தனை இழை அறும் என்பது அவ்வூர் நெசவாளருக்கே உரிய அறிவாக விளங்கும். பயிரிடுபவர் சங்கமும் சொந்தமாக ஓர் ஈரப்பதமானி வாங்கி, ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வகத்தின் அடுப்பு முறையுடன் ஒப்பிட்டுத் திருத்தி வைத்துக்கொள்ளலாம். நெல்லை வண்டியில் ஏற்றுமுன்னரே அதன் எண்ணை அங்கத்தினர் அறிந்திருந்தால், வண்டி வாடகையும் அலைச்சலும் மிஞ்சும். கொள்முதல் நிலையத்தில் பேசும்போது சொல்லுக்கு ஓர் ஆதாரமும் இருக்கும். இவற்றிற்கு ஆகும் செலவைத் தனி ஒருவர் தாங்குதல் அரிது. பலர் கூடினால் அது ஒரு பொருட்டன்று. கூடிச் செய்தற்கே சங்கம் இருக்கின்றது.